சும்மா இருந்தே சூடான பெட்டி

என் கணவரின் கழுத்தில் ஒரு துளை போட்டுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டையில் வந்த கட்டியை எடுத்த பிறகு மூக்கு வழியாகப் போகிற மூச்சு அவருக்குப் போதவில்லை. துளைக்குள் ஒரு வளைந்த குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போகும், வரும். குழாயில் சளி அடைத்துக்கொண்டால் மூச்சும் அடைத்துக்கொள்ளும். சளியை இழுத்து எடுக்க ஒரு மெஷினையும் இரவல் கொடுத்தார்கள். ஒரு மோட்டார், ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான் அந்த மெஷின். மின்சாரம் இருந்தால் ஓடும். எங்கள் வீட்டில்தான் மின்சாரம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில் மின்சாரம் இல்லாத வீடா என்று கேட்கிறவர்கள் அப்போதைய கிராஞ்சியைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஓர் ஆர்க்கிட் நர்சரியின் பின்கோடியில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது எங்கள் வீடு. நான் அந்த நர்சரியில் பூ வெட்டிக் கட்டுகிற வேலை பார்த்தேன். வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. வேலையை விட்டால் வீடும் போகும். முதலாளி ஒரு சீனர், எங்கள் எல்லோருக்கும் தவுக்கே. செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புக்காக அவர் காலையிலும் மாலையிலும் ஜெனரேட்டரைப் போடுவார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு வயர் வழியாகக் கரண்ட் வரும். மற்ற நேரமெல்லாம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் ஒருவர் இருந்தார். நர்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, மிஸ்ஸிதான். அந்த மிஸ்ஸி எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஸ்விட்ச் இல்லாததைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ஜெனரேட்டர் நிக்கிற நேரத்துல இவருக்கு அடைச்சா என்ன பண்ணுவீங்க?”

காலால் மிதிக்கிற பம்பு ஒன்றும் கொடுத்திருக்கிறார்களே என்று அதை எடுத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பம்பின் இழுவை என் கணவருடைய கெட்டிச் சளிக்குக் காணாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“எந்த நேரமா இருந்தாலும் மெஷின் ஓடும்னு நீங்க காட்டணும். அடுத்த தடவை நான் ஜெனரேட்டர் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வருவேன். ஓடலைன்னா அன்னைக்கே வார்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். சாரி லா, எனக்கு வேற வழியில்ல.”

வார்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவரைப் போலவே கழுத்தில் குழாய் வைத்த ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்திருக்கிறார். ஒரு மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்ததை இவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். திரும்ப அங்கே போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார். பூன் லேயில் இருந்த அவருடைய அண்ணன் தன் ஃபிளாட்டுக்கு வரச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் நாங்கள் அங்கே போனால் என் வேலை போகும், வேலை போனால் அப்புறம் எப்போதும் அண்ணன் வீட்டுக் கூடத்து மூலைதான். ஆக, இருக்கிற இடத்திலேயே கரண்டைக் கொண்டுவர வேண்டும்.

என் கணவர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். குரல் போனாலும் மூளை போகவில்லை என்று காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தாரோ என்னவோ, மிஸ்ஸி படி இறங்குவதற்குள் அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். குரல் முழுவதும் போனது என்றும் சொல்ல முடியாது. கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டால் கரகரவென்று மூன்று நான்கு சொல் வரும். அதற்குள் மூச்சு முடிந்துவிடும். மீதியை நான் நிரப்புவேன். பெரும்பாலும் தப்பாக நிரப்புவேன், அவர் கோபத்தில் தலையில் அடித்துக்கொள்வார்.

“சோலார்,” என்றார் விரலை வைத்து.

“சோறா? இப்பத்தானே சாப்பிட்டீங்க?” என்றேன். அடித்துக்கொண்டார்.

கடலில் கப்பலுக்கு வழிகாட்டுகிற விளக்கு மிதவைகளில் வெயிலில் கரண்ட் எடுக்கிற தகடுகளை அப்போதுதான் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் கழித்துப்போட்ட தகடு இரண்டு, நகரத்தில் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் கப்பல் சாமான் விற்கிற ஒரு கடையில் கிடந்ததை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். அவற்றை வாங்கினோம். கூரையில் பொருத்த ஏணியில் ஏறியது நான். கீழே நின்று கையை ஆட்டி வேலை வாங்கியது அவர். தவுக்கே பழைய லாரி பேட்டரிகளில் நல்லதாக இரண்டைக் கொடுத்தார். வெயிலில் பேட்டரி நிறைந்தது. ஆனால் பேட்டரியில் இருக்கிற கரண்ட் வேறு, மெஷின் கேட்கிற கரண்ட் வேறு. இதை அதாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். இன்வெர்ட்டர் என்ற அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கத்தான் இருவரும் பஸ் ஏறித் தேக்காவுக்குப் போனோம்.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது கடை. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், அப்பா காலத்திலிருந்து அங்கேயே வியாபாரம். மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கப்பலிலிருந்து கழற்றியது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். இன்னொன்று சாம்பல் நிறம், பிஸ்கட் டின் அளவுதான்.

“சின்னதே போதும்லா தங்கச்சி,” என்றார் என்னிடம். பேச முடியாதவரோடு பேச எல்லோருக்கும் கூச்சம்; பதிலெல்லாம் எனக்குத்தான் வரும். “உங்க மெஷின் இழுக்கறதைப் போல ரெண்டு பங்கு தரும் இது.”

என் கணவர் விரலை வைத்தார். “மோட்டார்… எழும்பறப்ப… அஞ்சு மடங்கு.”

இதை நான் தப்பாக நிரப்பவில்லை, ஏனென்றால் அவர் இதைப் பஸ்ஸிலேயே எனக்கு விளக்கியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் கொஞ்சமாகத்தான் இழுக்கும். நிற்கிற மோட்டார் சுற்றத் தொடங்குகிற அந்தக் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதைக் கொடுக்க முடியாத பெட்டி முனகிக்கொண்டு நின்றுவிடும். எனக்குச் சின்னதுதான் பிடித்திருந்தது, ஒற்றைக் கையில் தூக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தன் கழுத்துக் குழாயைத் தொட்டுக் காட்டி, சின்னப் பெட்டியைத் தொட்டுக் காட்டி, என் முகத்தைப் பார்த்தார். அது எழும்பாவிட்டால் என்ன செய்வாய் என்று அர்த்தம்.

கடைக்காரர் இரண்டிலும் மின்விசிறியைப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் ஓடியது. பெரியது உர்ரென்று உறுமிக்கொண்டே ஓட்டியது. அந்த உறுமலைக் கேட்டதும் என் கணவரின் முகத்தில் பட்டறைக் களை வந்துவிட்டது.

“பெருசுக்குப் பசியும் பெருசு, பாத்துக்கங்க,” என்றார் கடைக்காரர்.

சின்னதைத் தள்ளிவிடுவதற்கான வியாபாரப் பேச்சு என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். பயந்திருக்கிறவர்கள் எதை வாங்கினாலும் பெரிதாகத்தான் வாங்குவார்கள். பச்சைப் பெட்டி கிராஞ்சிக்கு வந்து சேர்ந்தது.

முதல் சில நாள் எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஜெனரேட்டர் நின்ற மத்தியானத்தில் ஸ்விட்சைத் தட்டினால் மெஷின் ஓடியது. ஒருமுறை வேண்டுமென்றே இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன், மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தேன். பெட்டியை நாங்கள் அணைக்கவே இல்லை. அவசரத்தில் அதைப் போட்டு, அது விழிக்கிற வரை காத்திருக்க இருவருக்கும் தைரியம் இல்லை. இரவும் பகலும் அது உறுமிக்கொண்டே இருந்தது. அதன் சிவப்பு விளக்கை மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிகிற விளக்கைப் போல நான் பார்த்துக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. ஆண்டுக் கடைசியில் வருகிற மழை தெரிந்ததுதானே, வானம் சாம்பலாகிக் கிடக்கும். அதில் ஒரு விஷயம் எங்களுக்கு உறைக்கவே இல்லை. மழையில் வெயில் இல்லை. மழையில் செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதும் இல்லை. பம்பு இல்லை என்றால் தவுக்கே ஜெனரேட்டரைப் போடமாட்டார். எந்த நாளில் பேட்டரியை மட்டுமே நம்பி இருக்க வேண்டுமோ அந்த நாளில்தான் பேட்டரிக்கு ஒன்றும் வராது.

மிஸ்ஸி மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த நாளின் காலையில் நான் எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். உறுமல் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. மெஷின் ஸ்விட்சைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அப்போது அவருக்கு அடைப்பு இல்லை.

பெட்டி உடைந்துவிட்டதா என்று அதன் தலையில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

“நேத்து ராத்திரிலேருந்து மெஷினைப் போடவே இல்லையே. சும்மாதானே கிடந்துச்சு? அப்புறம் ஏன் சூடா இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் எழுந்து வந்து, தானும் கை வைத்தார். வைத்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை. அப்புறம் இன்னொரு கையால் துளையை மூடினார்.

“சும்மா… இருக்கல.”

“என்ன இருக்கல?”

“தின்னுட்டே… இருந்திருக்கு.”

மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தான் விழித்திருப்பதற்கென்றே அந்தப் பெட்டி பேட்டரியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மெஷின் குடித்தது கொஞ்சம். காவலுக்கு நின்ற பெட்டி குடித்ததுதான் அதிகம். கப்பலில் ஜெனரேட்டர் நிற்பதே இல்லை. சும்மா இருக்கிற சாமான் எவ்வளவு தின்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அத்தனை வருஷம் பட்டறையில் இருந்தும் அந்தக் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. இதை அவர் துண்டு துண்டாகச் சொல்லி முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நல்லா அடிச்சுக்குங்க,” என்றேன். சமாதானம் சொல்கிற நிலையில் நான் இல்லை.

மழை விட்டிருந்தால் பேட்டரி நிறைந்து, பெட்டியை வேண்டும்போது மட்டும் போட்டுச் சமாளித்திருக்கலாம். மழை விடவில்லை. பேட்டரியில் மிச்சமிருந்ததை வைத்துப் பெட்டியை ஒருமுறை எழுப்பிப் பார்த்தோம். அது விழிப்பதற்கே ஒரு பெரிய வாய் கரண்ட் வேண்டியிருந்தது. அந்த ஒரு வாய்க்கே பேட்டரி சாய்ந்துபோய், பெட்டி கீச்சென்று கத்தி அணைந்தது. அவர் பச்சைப் பெட்டியைக் காட்டி, வெளியே காட்டினார். கொண்டுபோய்க் கொடு. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் பிஸ்கட் டின் அளவுக்கு விரித்துக் காட்டினார். அதைக் கொண்டு வா.

தவுக்கே வீட்டுக்கு மழையிலேயே ஓடினேன். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த தமிழுமாகப் பேசி, பம்பு இல்லாவிட்டாலும் பேட்டரியில் கரண்ட் ஏற்றுவதற்காக மத்தியானம் பன்னிரண்டு வரை ஜெனரேட்டரைப் போட ஒப்புக்கொள்ள வைத்தேன். அதற்கு மேல் ஓட்ட எண்ணெய் இல்லை என்றார். தேக்கா மார்க்கெட்டுக்குச் செடித் தொட்டி ஏற்றிப் போகிற அவருடைய லாரியில் என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள். ஜெனரேட்டர் ஓடுகிற வரை என் கணவர் கண்ணாடியைப் பார்த்துத் தானே சளியை இழுத்துக்கொள்வார். அது நின்ற பிறகு காலால் மிதிக்கிற பம்பு மட்டும்தான். அதற்குள் நான் திரும்ப வேண்டும். நான் ஏறும்போது அவர் வாசலில் நின்று கையை ஆட்டினார், ஏதோ நான் சினிமாவுக்குப் போகிற மாதிரி.

கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். நானும் லாரி டிரைவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

“தங்கச்சி, இன்னும் போணி ஆகலையே!”

முதல் வியாபாரம் ஆகிற வரை விற்ற சாமானைத் திரும்ப வாங்கக் கூடாது, கடனும் கொடுக்கக் கூடாது. வாங்கினால் அன்றைக்கு முழுவதும் சாமான் திரும்பி வந்துகொண்டே இருக்கும் என்பது தேக்காவில் பாதிக் கடைகளின் நம்பிக்கை. மதம் பார்க்காத நம்பிக்கை அது. என் அப்பாவும் அந்தச் சாலையில் கடை வைத்திருந்தவர்தான். போணிக்கு முன்னால் எனக்கே ஒரு மிட்டாய் தரமாட்டார். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

“என் வீட்டுக்காரர் அங்க மூச்சுக்குத் தவிக்கப்போறாரு, உங்களுக்குப் போணியா பெருசு?”

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் பெட்டியைத் தொடவில்லை.

“சரி, நானே எதையாவது வாங்குறேன். அதுவே போணி. ஒரு டார்ச் பல்பு கொடுங்க.”

“திருப்பிக் கொடுக்க வந்த கையாலயா தங்கச்சி?” என்றார் மெதுவாக. “கொஞ்சம் பொறுங்க. யாராவது வருவாங்க.”

யாரும் வரவில்லை. கொட்டுகிற மழையில் கப்பல் விளக்கு வாங்க யார் வருவார்கள்? வாசலுக்கு வந்த ஒருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டிரைவர் தொட்டிகளை இறக்கப் போயிருந்தார். நான் கடைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் நிற்கும், அவர் காலால் மிதித்துக்கொண்டே இருப்பார், நான் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து கடை முழுவதும் கண்ணை ஓட்டினேன். உள்சுவர் ஆணியில் மாலுமிகள் போடுகிற மஞ்சள் மழைக்கோட்டுகள் தொங்கின. ஒன்றை உருவிக்கொண்டு, கடை வாசலை ஒட்டித் தூண்களும் கூரையுமாக ஓடுகிற ஐந்தடிப் பாதையில் போய் நின்றேன்.

“அண்ணே! கப்பல் கோட்டு அண்ணே! புயலையே தாங்கும், இந்த மழையெல்லாம் எந்த மூலைக்கு?”

நர்சரியில் செடிகளோடு மட்டும் பேசிப் பழகியவள் நான். அன்று தேக்காவே திரும்பிப் பார்த்தது. முதலில் போனவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்து, செய்தித்தாளைத் தலையில் பிடித்தபடி ஒருவர் தூணுக்குத் தூண் ஓடிவந்தார். அவர் வழியை மறித்துக்கொண்டேன். அவர் விலை கேட்டார், நான் உள்ளே கையைக் காட்டினேன். அவர் பேரம் பேசினார். பேரம் பேசிக்கொண்டே கோட்டைப் போட்டுப் பார்த்தார். கை நீளம் என்றார். “மடிச்சு விட்டுக்கங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று நானே மடித்துவிட்டேன். எங்கே கழற்றிவிடுவாரோ என்று பொத்தானையும் போட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, கோட்டோடு மழையில் இறங்கினார்.

கடைக்காரர் பிஸ்மில்லா சொல்லிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த கணம் அவர் வேறு ஆளாகிவிட்டார். பச்சைப் பெட்டியைத் தானே இழுத்து ஓரமாக வைத்தார், சின்னதை இறக்கினார், மின்விசிறியெல்லாம் வேண்டாம் என்று ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்பையே கொண்டுவந்து அதில் மாட்டினார். ஸ்விட்சைத் தட்டினார். பம்பு ம்ம்ம் என்று முனகியது. சுற்றவில்லை. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். இந்தத் தடவை சுற்றியது.

“பேட்டரி நிறைஞ்சிருந்தா உடனே எழும்பும். குறைஞ்சிருந்தா கொஞ்சம் யோசிக்கும்.”

“யோசிக்கிற நேரம் அவருக்கு இருக்காதே பாய்.”

“அது உண்மைதான் தங்கச்சி,” என்றார். விற்பதற்காகப் பொய் சொல்லாதவர் என்று அப்போதுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. முடிவு என்னுடையது. கூட வந்து தேர்ந்தெடுக்க வேண்டியவர் கிராஞ்சியில் இருந்தார். பெரியது தயங்காது, ஆனால் மழை நாளில் தனக்கே போதாமல் செத்துக் கிடக்கும். சின்னது தயங்கும், ஆனால் உயிரோடு இருக்கும். தயங்குகிறதைத் தட்டி எழுப்பலாம், செத்ததை என்ன செய்வது? சின்னதை எடுத்துக்கொண்டேன். கட்டை விரல் தடிமனில் இரண்டு குட்டை வயரைக் கொடுத்து, பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். வயர் நீண்டால் வழியிலேயே சக்தி போய்விடுமாம்.

புக்கிட் தீமா சாலையில் வெள்ளம். லாரி ஊர்ந்தது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் ஜெபமாலை சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மாதாவிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது. நர்சரி வளைவில் திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஜெனரேட்டர் நின்றிருந்தது.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலால் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு எனக்குப் பிடிக்காத நிறத்தில் இருந்தது. கழுத்துக் குழாயிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் கீச், கீச் என்று சத்தம். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிவப்பு வயர் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. பெட்டி ஸ்விட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது. மெஷின் ஸ்விட்சைப் போட்டேன்.

ம்ம்ம் என்றது. சுற்றவில்லை.

அணைத்துப் போட்டேன். ம்ம்ம். இன்னொரு முறை. ம்ம்ம். “சுத்து! சனியனே, சுத்து!” என்று மெஷினைத் தட்டினேன். நானே தேர்ந்தெடுத்த பெட்டி என் கண் முன்னால் முனகிக்கொண்டு நின்றது.

அவர் ஒரு கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திருகிக் காட்டினார். துளையில் விரல் வைக்க அவரிடம் மூச்சு இல்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மறுபடி திருகிக் காட்டி, மெஷினின் கண்ணாடிப் பாட்டிலைக் காட்டினார். மூடி. பாட்டில் மூடியைத் திற.

திறந்தேன். அப்போதுதான் புரிந்தது. மூடியிருந்தால் மோட்டார் எழும்பும்போதே காற்றை இழுக்கிற வேலையும் செய்ய வேண்டும். திறந்திருந்தால் முதலில் சும்மா சுற்றலாம். ஸ்விட்சைத் தட்டினேன். ம்ம்ம் என்றது, தயங்கியது, தடதடவென்று சுற்றத் தொடங்கியது. ஓடுகிற மெஷினிலேயே மூடியைத் திருகி இறுக்கினேன். ரப்பர் குழாய் என் விரலைப் பிடித்து இழுத்தது. அதை அவர் கழுத்துக்குள் இறக்கினேன். பாட்டிலில் கொழகொழவென்று விழுகிற சத்தம் கேட்டது. எடுத்தேன், அவர் இருமினார், மறுபடி இறக்கினேன். மூன்றாவது தடவை எடுத்தபோது கீச்சென்ற சத்தம் இல்லாமல், நீளமாக, சாதாரணமாக ஒரு மூச்சு உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நிதானமாகக் கையைத் தூக்கி, விரலைத் துளையில் வைத்தார்.

“நிறுத்து… பேட்டரி.”

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி வீணாகிறதாம்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வந்ததோ தெரியாது. “பேட்டரியாம் பேட்டரி! உயிரு வாசல் வரைக்கும் போய்ட்டு இப்பதான் திரும்பி வந்திருக்கு, அதுக்குள்ள உங்களுக்குப் பேட்டரி கேக்குதா? பெருசு வேணும் பெருசு வேணும்னு அடம் பிடிச்சது யாரு? என்னை நடு ரோட்டுல கோட்டு விக்க வச்சது யாரு? மூடியைத் திறக்கணும்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” கப்பல் பட்டறையைத் திட்டினேன், பச்சைப் பெட்டியைத் திட்டினேன், கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே எழுந்து மெஷினை நிறுத்தினேன், ஏனென்றால் அவர் சொன்னது சரிதான். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது, துடைக்கவும் இல்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. மிஸ்ஸி, குடையிலிருந்து தண்ணீர் வடிய நின்றுகொண்டிருந்தார். சத்தமில்லாத ஜெனரேட்டர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். பாதி நிறைந்திருந்த கண்ணாடிப் பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ரோடு வரைக்கும் கேக்குது. பேஷண்ட்டைப் போயி இப்படித் திட்டறீங்களே?”

“மூச்சு விடறாரு மிஸ்ஸி,” என்றேன். “அதான் திட்டறேன்.”